மூன்றாம் பிறையும் மூளைக்கு மருந்தும்

பாலு மகேந்திரா இயக்கத்தில் 1982-ஆம் ஆண்டு வெளிவந்த 'மூன்றாம் பிறை' திரைப்படத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதையும், பாலு மகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவாளருக்கான தேசிய விருதையும் பெற்றுத் தந்த படம் அது. ஸ்ரீதேவியின் நடிப்பு, நீலகிரியின் பனி, இறுதியில் வரும் ரயில் நிலையக் காட்சி ஆகியவற்றை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பாராட்டி எழுதிவிட்டார்கள். ஆனால், அறிவியல் படிக்கும் மாணவர் ஒருவருக்கு முதலில் எழ வேண்டிய கேள்வி வேறு. அந்தப் பெண்ணுக்கு வைத்தியர் கொடுத்த மருந்து எது? அப்படி ஒரு மருந்து உலகில் உண்டா?

படத்தைப் பார்த்திராத இளைய வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வசதியான வீட்டுப் பெண் ஒருத்தி கார் விபத்தில் சிக்குகிறாள். தலையில் அடி. கண் விழித்தபோது பெற்றோரையே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆறேழு வயதுக் குழந்தையின் மனநிலைக்குப் போய்விடுகிறாள். தீயவர்கள் கையில் சிக்கித் தகாத இடத்தில் விற்கப்பட்ட அவளைச் சீனு என்ற பள்ளி ஆசிரியர் மீட்டு, நீலகிரியில் உள்ள கேத்திக்கு அழைத்துச் சென்று குழந்தையைப் போல வளர்க்கிறார். பிறகு ஒரு வைத்தியரிடம் கொண்டுபோய் விடுகிறார். ஒரே நாள் சிகிச்சை. பழைய நினைவு முழுவதும் திரும்பிவிடுகிறது. ஆனால் விபத்துக்குப் பின் நடந்தவை அத்தனையும், சீனு உட்பட, அழிந்துபோகின்றன.

திரைப்படம் பாடப்புத்தகம் அன்று என்பதை நாம் அறிவோம். கற்பனைக்கு அதில் இடம் உண்டு. ஆனால் 'இது நடந்ததால் அது நடந்தது' என்று ஒரு படம் காட்டுமானால், அந்தக் காரண காரியத் தொடர்பை ஆராய்ந்து பார்க்க நமக்கு உரிமை இருக்கிறது. இந்தப் படத்தைப் பொறுத்தவரை அது கடமையும்கூட. ஏனெனில் படம் காட்டியதைப் போன்ற நம்பிக்கை படத்திற்கு முன்பே நம்மிடம் இருந்தது. படம் அதற்கு அழகான உருவம் கொடுத்தது. தலையில் அடிபட்டு எழுந்தவருக்கு எங்கோ ஓர் அருமருந்து இருக்கிறது, அதைத் தேடிக் கொடுத்துவிட்டால் போனதெல்லாம் திரும்பிவிடும் என்பதே அந்த நம்பிக்கை. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் அந்த அருமருந்தைத் தேடி அலையும் குடும்பங்கள் பல.

தென்னை உயரத்திலிருந்து

முதலில் மூளைக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்போம். நான் இயற்பியல் ஆசிரியன், மருத்துவன் அல்லன். ஆதலால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பகுதிச் சாலைகளின் நிலை வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு புறம் வாய்க்கால், மறு புறம் வயல், நடுவே குறுகிய தார்ச்சாலை. அறுவடைக் காலத்தில் அதிலும் பாதியில் நெல் காயும். மீதிப் பாதியில் டிராக்டரும் பேருந்தும் மோட்டார் சைக்கிளும் வழி தேடும். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது யாரும் வேகம் என்று கருதாத வேகம். விநாடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர். இந்த வேகத்தின் இருமடியைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்துப் பாருங்கள். சுமார் 6 மீட்டர் கிடைக்கும். அதாவது, 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்று பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதுவது, இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 60 கிலோமீட்டர் என்றால் 14 மீட்டர். நல்ல தென்னைமரத்தின் உச்சி அது. தென்னை ஏறுவதற்கு அஞ்சுகிற பையன் வண்டியை முறுக்குவதற்கு அஞ்சுவதில்லை.

நிற்கும் வண்டியிலிருந்து சாய்ந்து விழுந்தாலே தலை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே வருகிறது. தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 5.4 மீட்டர். வெறுந்தலை தார்ச்சாலையில் மோதி 3 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுவதாகக் கொண்டால், தலை அனுபவிக்கும் எதிர்முடுக்கம் புவியீர்ப்பைப் போல 500 மடங்கு. தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கி 3 சென்டிமீட்டர் தூரம் இடம் கொடுத்தால் அது 50 மடங்காகக் குறைந்துவிடும். இது தோராயக் கணக்குத்தான். ஆனாலும் தலைக்கவசம் செய்கிற வேலை முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

நேரான மோதலைவிடக் கொடியது சுழற்சி. நுங்கைக் குரும்பையோடு கையில் பிடித்துச் சட்டென்று திருகிப் பாருங்கள். ஓடு திரும்பிவிடும்; உள்ளே இருக்கும் சதை ஒரு கணம் பின்தங்கும். 1400 கிராம் எடையுள்ள நம் மூளையும் அப்படித்தான். மண்டையோடு சுழலும்போது மூளையின் மேற்பகுதி ஒரு வேகத்திலும் ஆழ்பகுதி வேறொரு வேகத்திலும் திரும்ப, இடையே ஓடும் நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் இவ்வளவும் நடந்துவிடக்கூடும். அறுந்த இழைகள் ஓரிடத்தில் இருப்பதில்லை. மூளை முழுவதும் ஆயிரக்கணக்கான இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒரு மருந்து ஒரே நாளில் சென்று சேர்த்து வைக்கக்கூடிய சேதமா இது?

நினைவு எப்படிப் போகிறது, எப்படி வருகிறது

பிரெஞ்சு உளவியலாளர் தியோடூல் ரிபோ 1881-ஆம் ஆண்டிலேயே ஓர் ஒழுங்கைச் சுட்டிக்காட்டினார். மூளை பாதிக்கப்படும்போது முதலில் அழிவது அண்மைக்கால நினைவு. நெடுநாள் பழகிய நினைவு கடைசிவரை நிற்கும். விபத்துக்கு முந்தின நாள் என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துபோகும். தாயின் முகம் மறக்காது. படமோ இதைத் தலைகீழாக்குகிறது. விஜி தன் தாய் தந்தையரை மறக்கிறாள். குழந்தைப் பருவத்திற்கே போய்விட்ட ஒருத்தி முதலில் தேட வேண்டியது அம்மாவை அல்லவா? மேலும், மூளையில் அடிபட்டவர் குழந்தையாகி விடுவதில்லை. கோபம் அடங்காமை, கவனம் நிலையாமை, சொல் கிடைக்காமை, காரணமற்ற சிரிப்பு அல்லது அழுகை, இப்படிப் பல மாற்றங்கள் நேரலாம். அவை பார்ப்பதற்கு அவ்வளவு அழகாக இருப்பதில்லை. திரையில் நாம் கண்ட குழந்தைத்தனம் ஸ்ரீதேவி என்ற நடிகையின் திறமை, நரம்பியல் அன்று.

ஒரு விஷயத்தில் மட்டும் படம் உண்மைக்கு அருகில் வருகிறது. கடுமையான தலைக்காயத்திற்குப் பிறகு பல நாட்கள், சில வேளை பல வாரங்கள், நோயாளி பேசுவார், சாப்பிடுவார், ஆளைப் பார்த்துச் சிரிப்பார். பிற்பாடு அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் எதுவும் தெரியாது என்பார். அந்த நாட்களில் மூளை புது நினைவைப் பதிவு செய்யவே இல்லை. இரவு பகலாகக் கட்டிலருகே கிடந்த மனைவியிடம், "நீ எப்போது வந்தாய்?" என்று கேட்ட கணவர்கள் உண்டு. சீனுவின் துயரம் இந்த வகையில் கற்பனையன்று. ஆனால் விஜி அப்படிப்பட்ட நிலையில் இருக்கவில்லையே. சீனுவை நேற்றுப் பார்த்தது இன்று நினைவிருக்கிறது. நாய்க்குட்டியைத் தெரிகிறது. வீட்டைத் தெரிகிறது. பதிந்துவிட்ட நினைவுகள் அவை. பழைய நினைவு வந்து புகுவதற்காக இவை மொத்தமாக வெளியேற வேண்டும் என்பதற்கு மூளையில் எந்த விதியும் இல்லை. நினைவு என்பது ஒரு குடம் நீர் ஊற்றினால் இன்னொரு குடம் வழிந்துவிடும் தொட்டி அன்று.

மருந்துகள் செய்தது என்ன

இனி வைத்தியரிடம் வருவோம். அவர் நாட்டு வைத்தியர் என்பதற்காக நான் குறை சொல்லவில்லை. வெளிநாட்டில் படித்த மருத்துவர் ஒருவர் ஒற்றை ஊசி போட்டு விஜியை எழுப்பியிருந்தாலும் என் குறை இதேதான். ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூரில் மூளை அறுவை மருத்துவப் பிரிவைத் தொடங்கியது 1949-இல், டாக்டர் பா. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கியது 1950-இல். படம் வந்தபோது இந்தக் கலைக்குத் தமிழ்நாட்டில் முப்பது வயது கடந்துவிட்டது. தஞ்சையில் மருத்துவக் கல்லூரி வந்தே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அந்த முப்பது ஆண்டு அனுபவத்தில் ஒரு துளிகூடப் படத்திற்குள் கசியவில்லை.

அடிபட்ட முதல் மணி நேரங்களில் உதவக்கூடிய மருந்துகள் சில உண்டு. அவற்றுள் எனக்குப் பிடித்தது மானிட்டால். காரணம், அது வேலை செய்வது முழுக்க முழுக்க இயற்பியலால். மாவடு ஊறுகாய் போடுகிற வீடுகளில் பார்த்திருப்பீர்கள். பிஞ்சு மாங்காயில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் ஜாடியில் நீர் நிற்கும். வடு சுருங்கிப் போயிருக்கும். சவ்வூடு பரவல் என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். மண்டையோடு விரியாத பெட்டி. அதனுள் மூளை, இரத்தம், மூளைத் தண்டுவட நீர் என்ற மூன்று மட்டுமே இருக்கின்றன. அடிபட்ட மூளை வீங்கும்போது அழுத்தம் ஏறி, புதிய இரத்தம் உள்ளே நுழைய முடியாமல் போகிறது. நூற்றுக்கு இருபது வலிமையுள்ள மானிட்டால் கரைசலை நரம்பில் ஏற்றினால், அதன் செறிவு இரத்தத்தின் செறிவைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்பதால், வீங்கிய மூளைத் திசுவிலிருந்து நீர் இரத்தத்திற்குள் இழுக்கப்படுகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. அழுத்தம் தணிகிறது. மருத்துவருக்குச் சில மணி நேரம் கிடைக்கிறது. அவ்வளவுதான். இது நினைவைத் திருப்பித் தருவதில்லை. நினைவு குடியிருக்கும் வீட்டைக் காக்கிறது.

ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒக்கமோட்டோ தம்பதியர் 1962-இல் வெளியிட்ட டிரானெக்சாமிக் அமிலம், இரத்தக் கட்டி கரைந்து மீண்டும் கசிவதைத் தடுப்பது. 2019-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் 12,737 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். காயம் பட்ட மூன்று மணி நேரத்திற்குள் கொடுத்தபோது, மிதமான காயம் பட்டவர்களிடையே தலைக்காய மரணம் குறைந்தது. மிகக் கடுமையான காயத்தில் பயன் தெரியவில்லை. வலிப்பைத் தடுக்கும் ஃபெனிட்டாயின் முதல் வாரத்தில் வரும் வலிப்பை நன்றாகக் குறைக்கிறது என்று 1990-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்குப் பின் வரும் வலிப்பைத் தடுப்பதில் அதற்கும் வெறும் மாத்திரைக்கும் வேறுபாடு இல்லை. (இதைப் படித்துவிட்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்த வலிப்பு மாத்திரையை யாரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம். வலிப்பு ஒருமுறை வந்தவருக்கு அந்த மாத்திரை வேறு காரணத்திற்காகக் கொடுக்கப்படுகிறது. திடீரென்று நிறுத்துவது ஆபத்து.)

ஸ்டீராய்டு மருந்துகளின் கதை எல்லாவற்றையும்விடப் பாடம் நிறைந்தது. மூளைக் கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தை அவை குறைக்கின்றன. அப்படியானால் அடிபட்ட வீக்கத்தையும் குறைக்கும்தானே? இந்த நியாயமான எண்ணத்தின்பேரில் உலகெங்கும் முப்பது ஆண்டுகளாகத் தலைக்காயத்திற்கு ஸ்டீராய்டு கொடுத்து வந்தார்கள். பிழைத்தவர்களைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று நம்பினார்கள். கடைசியில் பத்தாயிரம் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிச் சோதித்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்திற்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 21.1. பெறாதவர்களில் 17.9. நல்லெண்ணத்தோடு கொடுத்த மருந்து, நூற்றுக்கு மூன்று பேரைக் கூடுதலாகக் கொன்றிருக்கிறது. முப்பது ஆண்டுகளாகக் கட்டிலருகே நின்ற மருத்துவர்களில் எவராலும் அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏன் முடியவில்லை? காரணம், தலைக்காயத்திலிருந்து மனிதர் பெரும்பாலும் தாமாகவே ஓரளவு தேறுகிறார்கள். முதல் ஆறு மாதங்களில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் தேறுகிறார்கள். எந்த மருந்தைக் கொடுத்தாலும், எதையுமே கொடுக்காவிட்டாலும் தேறுகிறவர் தேறுவார். கடைசியாகக் கொடுத்த மருந்துக்குப் பெயர் போய்விடும். விஜியின் வைத்தியருக்கும் அந்த அதிர்ஷ்டம் அடித்திருக்கலாம்.

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் வழி முதலில் மருத்துவமனையில் பிறக்கவில்லை, வயலில் பிறந்தது. ஆடுதுறையில் 1922-ஆம் ஆண்டு முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சோதனைப் பாத்திகளை அங்கே பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. ஒரு புது உரத்தைச் சோதிக்க வேண்டுமானால் ஒரு பாத்தியில் இட்டு, விளைந்தது என்று சொன்னால் போதாது. மழை நன்றாகப் பெய்திருக்கலாம். மண்ணே வளமாக இருந்திருக்கலாம். உரம் இட்ட பாத்தியும் இடாத பாத்தியும் அருகருகே வேண்டும். எதற்கு இடுவது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானிக்க வேண்டும். இந்த முறையை 1920-களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண்மை நிலையத்தில் வகுத்தவர் ரொனால்டு ஃபிஷர். இருபது ஆண்டு கழித்து அது மனிதருக்கு வந்தது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம் இதே முறையில் நோயாளிகளைப் பிரித்து, வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களும் ஒரே அளவில் குணமடைகிறார்கள் என்று 1959-இல் உலகத்திற்கே காட்டியது. வயலுக்கு நாம் கேட்கிற சாட்சியத்தை மூளைக்கு ஏன் கேட்கக் கூடாது?

கேட்டால் வரும் பதில் கொஞ்சம் கசப்பானது. நம் ஊர்களில் தலைக்காயம் பட்டவர் வீடு திரும்பும்போது எழுதித் தரப்படும் சீட்டில் அடிக்கடி காணும் பெயர் சிட்டிகோலின். நரம்புச் சவ்வைப் புதுப்பிக்க உதவும் என்பது அதன் பின்னுள்ள எண்ணம். எண்ணம் அழகானது. 1,213 நோயாளிகளுக்கு 90 நாள் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2012-இல் வந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட எவ்வகையிலும் மேல் இல்லை. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன், எலிகளில் அற்புதமாக வேலை செய்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேரிடம் நடந்த இரண்டு ஆய்வுகள் 2014-இல் அதையும் கைவிடச் செய்தன. கொஞ்சமாவது தேறியது அமான்டடின். சளிக்காய்ச்சல் கிருமிக்காகக் கண்டுபிடிக்கப்பட்டு, நடுக்கு வாத நோய்க்குப் பயன்பட்டு வந்த மருந்து. நினைவு முழுமையாகத் தெளியாமல் கிடந்த 184 பேரிடம் நான்கு வாரம் கொடுத்தபோது தேறும் வேகம் கூடியது. மருந்தை நிறுத்திய இரண்டு வாரத்தில் இரு பிரிவினருக்கும் இடையே இருந்த வேறுபாடு சுருங்கிவிட்டது. வேகத்தைக் கூட்டியது உண்மை. போய்ச் சேரும் ஊரை மாற்றியதா என்பது வேறு கேள்வி.

'கொடுத்தால் கெடுதல் இல்லையே' என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு இதில்தான் கோபம். குறுவைப் பணம் கைக்கு வந்ததும் அது மருந்துக் குப்பிகளுக்குப் போவதை நான் அறிந்த ஒரு வீட்டில் பார்த்தேன். விலையுயர்ந்த ஊசி முப்பது நாள் போட்டார்கள். நகை அடகுக்குப் போனது. வாரம் இரண்டு நாள் வந்து கையையும் காலையும் பழக்கிக் கொண்டிருந்த பிசியோதெரபி பயிற்சியாளரை மட்டும், காசு போதவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அந்தக் குடும்பத்தைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருந்து கண்ணுக்குத் தெரிகிறது, ரசீது தருகிறது. பயிற்சி என்பது வெறுமனே கையைத் தூக்கி இறக்குவதுபோல் தோன்றுகிறது. எது சிகிச்சை, எது உபசாரம் என்ற இந்த மயக்கத்தைத்தான் 'மூன்றாம் பிறை'யும் நமக்குள் ஊட்டுகிறது.

அதே 1982-இல்

ஒரு தற்செயல் பொருத்தத்தைச் சொல்ல வேண்டும். படம் வெளிவந்த அதே 1982-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஃபீனி என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் எலிகளிடம் நடத்திய சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். மூளையில் இயக்கத்தை ஆளும் பகுதியில் காயப்படுத்தப்பட்ட எலிகள் குறுகலான கட்டையின்மேல் நடக்கத் தடுமாறின. மறுநாள் ஒருமுறை ஆம்ஃபெட்டமைன் கொடுத்ததும் அவை விரைவாகத் தேறின. மருந்தின் வெற்றி என்று இங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர்கள் நிறுத்தவில்லை. வேறு சில எலிகளுக்கும் அதே மருந்தைக் கொடுத்து, ஆனால் நடக்க விடாமல் அடைத்து வைத்தார்கள். அவற்றுக்குப் பயன் கிட்டவில்லை. மருந்தும் நடையும் சேர்ந்தபோதுதான் பலன். நாற்று நடாத வயலில் யூரியா தெளித்தால் களைதான் வளரும் என்பது நம் விவசாயிக்குத் தெரியும். கொசுறாக இன்னொன்றும் தெரியவந்தது. மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால், எலிகள் தேறுவதைத் தாமதப்படுத்தியது. தலைக்காயம் பட்டவர் கூச்சலிட்டால் அடக்குவதற்காக எழுதப்படும் மருந்துகளில் அதுவும் ஒன்று. ஆம்ஃபெட்டமைன் மனிதரிடம் அவ்வளவு கைகொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அடைத்து வைத்த எலியின் செய்தி அழியவில்லை. இன்று பயன்படும் மருந்துகளில் விறைத்த தசையைத் தளர்த்தும் பேக்லோஃபென், மனச்சோர்வுக்கான மாத்திரைகள், கவனத்தைக் கூட்டும் மெத்தில்ஃபெனிடேட் ஆகியவை எல்லாம் பயிற்சிக்கு வழி விடுவதற்காகக் கொடுக்கப்படுகின்றன. பயிற்சியின் இடத்தில் உட்காருவதற்காக அன்று.

இந்தக் கண்ணோட்டத்தோடு 'மூன்றாம் பிறை'யை மறுபடி பாருங்கள். படம் நம் கண்முன் காட்டும் சிகிச்சை எது? நாள்தோறும் அவளைச் சாப்பிட வைப்பது, தலை வாரி விடுவது, கதை சொல்வது, கோபித்துக் கொண்டால் சமாதானப்படுத்துவது, வெளியே அழைத்துச் செல்வது, ஒரே வீடு, ஒரே முகம், ஒரே ஒழுங்கு. தலைக்காயம் பட்டவருக்கு மறுவாழ்வு மருத்துவம் பரிந்துரைப்பது ஏறக்குறைய இவ்வளவும்தான். சீனு தன்னை அறியாமலே அதைச் செய்து கொண்டிருக்கிறார். பாலு மகேந்திராவின் கேமரா அதை ஒவ்வொரு சட்டமாகப் பதிவு செய்கிறது. ஆனால் கதை அந்த உழைப்பை நம்பவில்லை. அன்பு என்ற கணக்கில் அதை எழுதிவிட்டு, குணம் என்ற வரவை வைத்தியரின் பெயரில் வைக்கிறது. படத்தின் பெரும் பிழை என்று நான் கருதுவது இதைத்தான். மருத்துவப் பிழை மட்டுமன்று, கதைப் பிழையும்கூட. காரணமே இல்லாத குணம், காரணமே இல்லாத மறதி, இரண்டையும் ஒரே நாளில் வரவழைத்து அதன்மேல் சோகத்தைக் கட்டியிருக்கிறார்கள். கட்டடம் நிற்கிறது என்றால் அது நடிப்பின் பலம்.

பாலு மகேந்திராவின் பட்டறையில் பயின்ற பாலா 1999-இல் 'சேது'வை எடுத்தார். அதிலும் தலையில் அடி, அதிலும் ஒரு மடத்தில் சிகிச்சை, அதிலும் தெளிவு திடீரென்று வருகிறது. குருவின் வழியில் சிஷ்யர். 2005-இல் வந்த 'கஜினி' இந்த வகையில் கொஞ்சம் பரவாயில்லை. பதினைந்து நிமிடம் என்று கடிகாரம் வைத்து மறக்கும் மறதி வேடிக்கையானதுதான். ஆனால் கதாநாயகன் எந்த மருந்துக்காகவும் காத்திருப்பதில்லை. படம் எடுத்து, குறிப்பு எழுதி, உடம்பிலே பச்சை குத்தி, போன நினைவாற்றலுக்கு மாற்று ஏற்பாடு செய்து கொள்கிறான். பச்சை குத்துவதை விட்டுவிட்டால், நினைவுக் குறிப்பேடு வைத்துக் கொள்ளச் சொல்வது உண்மையிலேயே மறுவாழ்வுப் பயிற்சியாளர்கள் கையாளும் முறை. அடிதடிப் படம் ஒன்றில் இந்த அளவு அறிவியல் இருக்கையில், கவிதை என்று புகழப்பட்ட படத்தில் அது இல்லாமல் போனது எனக்குக் குறையாகவே படுகிறது.

அறிவியலைச் சேர்த்தால் கதையின் உருக்கம் போய்விடும் என்று சிலர் கருதலாம். அப்படியொன்றும் இல்லை. 1953-இல் மூளை அறுவைக்குப் பின் புது நினைவைப் பதிக்கும் ஆற்றலை இழந்த அமெரிக்க நோயாளி ஒருவரைப் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தார். நோயாளி ஒவ்வொரு நாளும் 'இதை நான் இதற்கு முன் செய்ததே இல்லை' என்ற நிலையில்தான் அமர்ந்தார். ஆனால் கை நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றுக்கொண்டே வந்தது. செயல் நினைவு வேறு, நிகழ்ச்சி நினைவு வேறு. ஒன்று அழிந்தாலும் மற்றது நிற்கும் என்று அதிலிருந்து உலகம் கற்றது. இந்த உண்மை அந்த ரயில் நிலையக் காட்சிக்கு எவ்வளவு பொருந்தியிருக்கும்! விஜி சீனுவை அறியாமல் போகட்டும். யாரோ பைத்தியக்காரன் என்றே நினைக்கட்டும். ஆனால் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும் அவள், கலைந்த தலையைச் சரிசெய்து கொள்ளும்போது, சீனு நாள்தோறும் வாரிவிட்டதைப் பார்த்துப் பழகிய அதே வகிடை, எங்கே கற்றோம் என்று தெரியாமலே, எடுத்துக் கொண்டிருந்திருக்கலாம்.